ஜெனூபாவின் மாரிப் பத்தியம்

சாய்ந்தமருதில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில் மூன்றாவது வளவு ஜெனூபாவின் வளவு. ஊர் அப்படித்தான் சொல்லும். காணி உறுதியில் இருக்கிற பெயர் என்னவோ மகள் மர்ஷூதாவுடையது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது வீட்டையும் அவள் பேருக்கு எழுதிவிட்டு, தாய் பின்னறைக்கு நகர்ந்துகொள்வது இந்தக் கரையின் வழக்கம். ஜெனூபாவும் எழுதினாள், நகர்ந்தாள். குசினியை மட்டும் விடவில்லை.

"ஊட்டத்தான் எழுதிக் குடுத்தன். அடுப்ப எழுதல்ல," என்று நிக்காஹ் முடிந்த மறுநாளே மகளுக்குச் சொல்லிவிட்டாள்.

ஐம்பத்திரண்டு வயது. சின்ன உடம்பு, ஆனால் நடை பெரிய ஆளின் நடை. சுனாமி அடித்த வருடம் கணவர் முபாறக்கைக் கடல் கொண்டுபோனபோது மர்ஷூதாவுக்கு நாலு வயது. அதற்குப் பிறகு சுபஹுக்கு முன்னே எழும்பி, தேத்தண்ணிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தே இந்த வீட்டைக் கல்லுக் கல்லாக எழுப்பினாள். காய்ச்சல் என்றால் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பிழிவாளே தவிர, ஒரு காலை தவறவிட்டவள் இல்லை. அப்படி ஒரு பெண்ணை இந்த ஒழுங்கை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. இல்லை என்று சொல்கிறவர்கள் வந்து சொல்லட்டும்.

மருமகன் ஷிப்லி பொத்துவில்காரன். முப்பத்திநாலு வயது. ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் வேலை. போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று கடலிலேயே கிடப்பவன். ஐப்பசி பிறந்து வாடைக் காற்று எழும்பினால் கடல் ஆளை விடாது. போட்டைக் கரையேற்றிக் கயிறு போட்டுவிட்டு, தை பிறக்கும் வரைக்கும் வீடுதான். அந்த மூன்று மாதமும் ஜெனூபாவுக்குப் பெருநாள் மாதிரி. வீட்டில் ஆண் குரல் கேட்காத இத்தனை வருடத்துக்குப் பிறகு வந்த மருமகன் அல்லவா?

"மாரிக்கு உடம்பு சூடு கேக்கும்," என்பது அவளுடைய பேச்சு. சூடு என்றால் அவளுக்கு நெய், இறைச்சி, இனிப்பு. காலையில் பாலப்பமும் கருப்பட்டிப் பாணியும். பகலுக்கு நெய்ச்சோறும் இறைச்சி ஆணமும். அசருக்குப் பிறகு தேத்தண்ணியோடு தொதல். வெள்ளிக்கிழமை என்றால் வட்டிலப்பம். மாமி வைத்ததில் மருமகன் மிச்சம் வைப்பது மரியாதை இல்லை. ஷிப்லியும் மரியாதையான பிள்ளை. சோற்றுக் கோப்பையைத் துடைத்தாற்போல் சாப்பிடுவான். அதைப் பார்க்கப் பார்க்க ஜெனூபா இன்னொரு கரண்டி போடுவாள்.

முதல் மாரி இப்படிப் போனது. இரண்டாவது மாரியும் போனது. மூன்றாவது மாரியில்தான் ஏதோ கோணலாகப் பட்டது.

ஷிப்லி தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். மழை கொட்டுகிறது, வளவெல்லாம் வெள்ளம், கிணறு கையால் அள்ளும் அளவுக்கு நிரம்பிக் கிடக்கிறது. இவனோ கோடை வெயிலில் வரம்பு கட்டியவன் மாதிரிச் செம்பு செம்பாகக் குடிக்கிறான். சுபஹு தொழுதுவிட்டு வந்தால் திரும்பவும் படுக்கை. ஆவணியில் போட்டில் காலைக் கம்பி வெட்டிய காயம் கார்த்திகை வந்தும் ஈரமாகவே இருந்தது.

ஜெனூபா கவனிக்காமல் இல்லை. கவனித்தாள், பிழையாக விளங்கிக்கொண்டாள். கடலில் காய்ந்த உடம்பு, சூடு காணாமல் வாடுகிறது என்று நினைத்தாள். தேத்தண்ணியில் கருப்பட்டியை ஒரு துண்டு கூட்டினாள். இராத்திரிப் பாலில் தேன் விட்டாள். அன்பால் ஒரு மனிதனை எவ்வளவு கெடுக்க முடியுமோ அவ்வளவையும் செய்தாள்.

கார்த்திகை நடுவில் ஒருநாள் மழை விட்டுக் கொஞ்சம் வெயில் எறித்தது. சேர்ந்து கிடந்த உடுப்புகளை ஜெனூபா கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். ஷிப்லியின் சேட்டுப் பையில் கை பட, ஒரு சின்னக் காகித உறை வந்தது. ஆஸ்பத்திரியில் குளிசை போட்டுத் தருவார்களே, அந்த உறை. உள்ளே வட்டமாய் வெள்ளைக் குளிசைகள். உறை பழசு, மடிப்புக் கிழிந்திருந்தது. குளிசைகள் நிறைய நிறைய இருந்தன. குடித்த அடையாளமே இல்லை.

உறையில் எழுதியிருந்ததை வாசிக்க ஜெனூபாவுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குளிசையை எங்கேயோ கண்டிருக்கிறாள். ஒன்றை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, உறையை இருந்தபடியே வைத்துவிட்டு, ஈரக் காலோடு ராத்தா வீட்டுக்கு நடந்தாள்.

ராத்தா ஸாலிஹா இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள். கூடப் பிறந்தவள், ஜெனூபாவுக்கு ஒன்பது வயது மூப்பு. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, நாலு வருடத்துக்கு முன் எடுத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் தந்த செயற்கைக் கால் சுவரோரம் சாய்ந்து நிற்க, கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, இத ஒருக்காப் பாருங்க. என்னத்துக்குள்ள குளிசை?"

ஸாலிஹா வாங்கிப் பார்த்தாள். சிரித்தாள்.

"எண்ட ஊட்டுக்கு வந்து எண்ட குளிசையையே காட்டுறியா? சீனி நோய்க்குள்ளதுடி. உனக்கா?"

"எனக்கில்ல. மருமகன்ட பையில கிடந்தது."

ஸாலிஹாவின் கையில் வெங்காயம் நின்றது.

"குடிக்கிறாரா?"

"குடிக்கல்ல போல. அப்படியே கிடக்கு."

"சரி, நீ அவருக்கு என்னத்தக் குடுக்காய்?"

ஜெனூபா சொன்னாள். பாலப்பம், பாணி, நெய்ச்சோறு, தொதல், வட்டிலப்பம், பாலில் தேன். சொல்லச் சொல்ல அவளுடைய குரலே அவளுக்குப் பிடிக்காமல் போனது. கடைசியில் கால் காயத்தையும் சொன்னாள்.

ஸாலிஹா வேறு பேச்சுப் பேசவில்லை. சாறியைக் கொஞ்சம் உயர்த்தி, இல்லாத காலின் முடிவைக் காட்டினாள்.

"இதுவும் ஒரு சின்னக் காயம்தான் புள்ள. மாரியில வந்தது. வெள்ளத்துக்குள்ள நடந்து, கவனியாம, குளிசையும் நேரத்துக்குக் குடியாம. நீ நெய் ஊத்து. நல்லா ஊத்து."

"ராத்தா, குத்திக் கதையாதீங்க."

"குத்தாட்டி உனக்கு ஏறாது. சின்னதில இருந்தே அப்படித்தான்."

திரும்பி வரும்போது ஜெனூபாவின் நடையில் அந்தப் பெரிய ஆள் இல்லை. ஒழுங்கை வெள்ளத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள், நேரே மகளைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள்.

"மர்ஷூதா, உன்ட புருசனுக்குச் சீனியா?"

மர்ஷூதா முதலில் இல்லை என்றாள். பிறகு அழுதாள். காலைக் கம்பி வெட்டி மருந்து கட்டப் போனபோது இரத்தம் பார்த்துச் சொன்னார்களாம்.

"யாருக்கும் சொல்லப்போடா எண்டு என்னக்கிட்ட வாக்கு வாங்கிட்டாரு உம்மா. வருத்தக்காரன மறைச்சித் தலையில கட்டிட்டாங்க எண்டு மாமி நினைப்பா, பொத்துவில்ல உள்ள உம்மாக்குத்தான் பேரு கெடும் எண்டு சொன்னாரு. குளிசை குடிக்கச் சொன்னா, குடிச்சா நோயாளி ஆகிருவன் எண்டுறாரு."

"மறுகா நான் வெக்கிற சோத்த ஏன் திண்டாரு?"

"நீங்க வெச்சா அவரு எப்படி உம்மா மிச்சம் வெப்பாரு?"

 அந்தப் பிள்ளை மரியாதைக்காகத் தன் உடம்பைத் தின்றிருக்கிறான். நேரே போய், "மகன், எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிடலாம். சொன்னால் கூனிக் குறுகிப்போவான். வாக்கை மீறினாள் என்று மர்ஷூதாவோடு முகம் திருப்புவான். மாமியார் வீட்டில் வந்திருக்கிற ஆண்பிள்ளைக்கு ரோசம் ஒன்றுதான் சொந்தம். அதையும் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் அறிஞ்ச கதைய நீ சொல்லாத. சாப்பாட்ட நான் பாத்துக்கிறன்."

"எப்படி உம்மா? என்ன காரணம் சொல்லுவீங்க?"

"எனக்குப் பத்தியம் எண்டு சொல்லுவன். ஊட்டுல ஒரு பானைதான் ஏறும் எண்டு சொல்லுவன்."

அது நல்ல வழிதான். ஆனால் ஐந்து நேரம் தொழுகிற வாயால் பொய் சொல்ல ஜெனூபாவுக்கு ஏலாது. இரவு முழுக்கப் புரண்டாள். மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு, அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறி, ஆலையடிவேம்பில் இறங்கினாள். அங்கே நாட்டு வைத்தியம் பார்க்கிற அருளம்பலம் பரிசாரியார் இருக்கிறார். எழுபது தாண்டிய மனிதர். மர்ஷூதா பிறந்தபோது பிரசவ மருந்து அரைத்துத் தந்தது அவர்தான்.

பரிசாரியார் நாடி பிடித்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"என்ன பிள்ள செய்யுது உனக்கு?"

"ஒண்டும் செய்யல்ல பரிசாரியார்."

"எனக்கும் அப்படித்தான் படுது. நீ அம்மிக்கல்லு மாதிரி இருக்கிறாய். எதுக்கு இந்த மழைக்குள்ள வந்தாய்?"

"எனக்கு ஒரு பத்தியம் சொல்லணும்."

"வருத்தம் இல்லாத ஆளுக்கு என்ன பத்தியம்?"

"சொல்லுங்களன். நீங்க சொன்னாத்தான் பரிசாரியார் சொன்னாரு எண்டு நான் சொல்லலாம். சொல்லாட்டி அது பொய்யாப் போயிரும்."

கிழவருக்கு விளங்க நேரமாகவில்லை. "ஆருக்கு?" என்றார் மெதுவாக. ஜெனூபா மருமகன் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"நல்லாக் கேள் பிள்ள. ஆஸ்பத்திரிக் குளிசைய என்ட கசாயம் மாத்தாது. அது அவன் குடிக்கத்தான் வேணும். அத நீ எப்படியாவது குடிக்கப் பண்ணு. சாப்பாட்டுக்கு நான் சொல்லுறன். குரக்கன், சிவப்பரிசி, அளவாக. எந்த நாளும் ஒரு இலை. மீன், தேங்காய்ப்பால் கூட்டாம. இனிப்பு எண்ட பேச்சே வேணாம்."

"மாரிக்கு உடம்பு சூடு கேக்குமே பரிசாரியார்?"

"கேக்கும். அதுக்கு நெய்யையா ஊத்துறது? கடலில வல இழுத்த மனிசன மூணு மாசம் படுக்க வெச்சி ஊட்டினா உடம்பு என்ன செய்யும்? நடக்கவிடு. அசைஞ்சா சூடு தானா வரும். காலுக்குச் செருப்பப் போட்டு, ஈரம் படாம நடக்கவிடு. காயத்த ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லு." பிறகு குரலை உயர்த்தி, பெரிய வைத்தியம் சொல்கிற தோரணையில், "முபாறக் பெண்சாதி ஜெனூபா, மாரி முடியுமட்டும் உனக்குப் பத்தியம். சரியா?" என்றார்.

"சரி பரிசாரியார்," என்று ஜெனூபா தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது மனம் லேசாக இருந்தது.

அன்று பகலே குசினி மாறியது. நெய்ப் போத்தல் ஸாலிஹா வீட்டுக்குப் போகவில்லை, அங்கேயும் ஆகாது. பக்கத்து வீட்டுக்குப் போனது. தொதலும் கருப்பட்டியும் அதன் பின்னே போயின. மேசையில் சிவப்பரிசிச் சோறு, இறக்காமத்தில் இருந்து வரும் குளத்து மீன் புளியாணம், முருங்கையிலைச் சுண்டல். ஷிப்லி பார்த்தான்.

"மாமிக்குச் சுகமில்லையா?" என்று மர்ஷூதாவைக் கேட்டான்.

ஜெனூபாவே வாசலுக்கு வந்து சொன்னாள். "மாரிக்கு எனக்குப் பத்தியம் சொல்லிட்டாரு மகன், ஆலையடிவேம்புப் பரிசாரியார். ரெண்டு பானை வெக்க எனக்கு ஏலா. கோவிக்கப்போடா."

"அதுக்கென்ன மாமி, எனக்கு எதுவும் ஓகே," என்றான். சாப்பிட்டான். வழக்கம்போலத் துடைத்தாற்போல் சாப்பிட்டான். அந்த முறை ஜெனூபா இன்னொரு கரண்டி போடவில்லை. போடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் அவள் வாழ்க்கையில் செய்த பெரிய வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். நாலு பேருக்குச் சமைத்துப் போட்டவர்களுக்கு அது விளங்கும்.

அடுத்தது நடை. மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும்வரை ஷிப்லி நடக்க மாட்டான். தெருமுனைக் கடைக்கும் அதில்தான் போவான். ஸாலிஹாவின் மூத்த மகன் அஸ்கி ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். அவனுடைய சைக்கிள் பழுதாய் நின்றது.

"மகன், அஸ்கிக்கு மாரிக்கு மட்டும் ஒங்கட மோட்டார் சைக்கிளக் குடுப்பமா? பாவம், நனைஞ்சி நனைஞ்சி போறான்."

ஷிப்லி கொடுத்தான். மறுநாளே ஜெனூபாவின் பத்தியத்துக்கு இலை தேவைப்பட்டது. வல்லாரை கல்முனைச் சந்தையில்தான் நல்லதாம். போகும்போது கடற்கரையால் போனால் காற்று வாங்கலாமாம்.

"த்ரீவீல்ல போய்ட்டு வாறன் மாமி."

"வேணாம் மகன். அந்தக் குலுக்கலுக்கு இலை கசங்கிரும். கசங்கின இலை பத்தியத்துக்கு ஆகா."

மர்ஷூதா சிரிப்பை அடக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷிப்லி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்தான். சப்பாத்துப் போடச் சொன்னதும் மாமிதான், ஒழுங்கையில் கண்ணாடித் துண்டு கிடக்கிறதாம். மழை நாளில் குடையோடு, விட்ட நாளில் சும்மா. போகவர நாலு மைல் இருக்கும். ஒரு கிழமை போனதும் சுபஹுக்குப் பிறகு படுப்பது நின்றது. மர்ஷூதா மன்றாடி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, காலுக்கும் ஒழுங்காக மருந்து கட்டுப்பட்டது. தண்ணீர்ச் செம்பு அவ்வளவுக்கு ஓடவில்லை.

ஆனால் உறை. உடுப்புக் கழுவும் ஒவ்வொரு முறையும் ஜெனூபா அந்தப் பையைப் பார்ப்பாள். குளிசை அப்படியே கிடக்கும். பரிசாரியாரின் பேச்சு காதில் நிற்கும், அவன் குடிக்கத்தான் வேணும் என்று. எல்லாம் செய்ய முடிந்த ஜெனூபாவுக்கு அந்த ஒன்று மட்டும் கைக்கு எட்டவில்லை. மாரி முடிந்தால் கடலுக்குப் போய்விடுவான். அங்கே அவளுடைய பானையும் இல்லை, வல்லாரையும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் பொத்துவிலில் இருந்து சம்மந்திமார் வந்தார்கள்.

ஷிப்லியின் உம்மா உம்மு நல்ல மனுசி, வாய் மட்டும் கொஞ்சம் முன்னே நடக்கும். வாப்பா முனாப் வயல்காரர், அதிகம் கதைக்காதவர். மழை விட்ட ஒரு சனிக்கிழமை, பஸ்ஸில் இருந்து எருமைத் தயிர்ச் சட்டியும் பாணிப் போத்தலுமாக இறங்கினார்கள். மகனைக் கண்டதும் உம்மு தயிர்ச் சட்டியைக் கீழே வைக்க மறந்துபோனாள்.

"என்ன மகனே இப்படி வத்திட்டாய்? சேட்டுக்குள்ள ஆளே இல்ல!"

"நல்லாத்தான் இரிக்கன் உம்மா."

"நல்லா இரிக்கிற லெச்சணமா இது?" என்று சொன்னவள், குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

இனிப் பகல் சாப்பாடு. சம்மந்தி வந்தால் சஹன் வைக்க வேண்டும். அகலமான ஒரே தட்டத்தில் சோற்றைக் குவித்து, கறிகளைச் சுற்றி வைத்து, ஆண்கள் வட்டமாக இருந்து ஒன்றாகக் கையிட்டுச் சாப்பிடுகிற முறை. மாப்பிள்ளையும் அவருடைய வாப்பாவும் ஒரே சஹனில் இருக்க வேண்டும். அதில்தான் சிக்கல். வந்தவர்களுக்கு நெய்ச்சோறு வைத்தால் ஷிப்லியும் அதையே சாப்பிட வேண்டும். வாப்பா ஊட்டாத குறையாகத் தள்ளித் தள்ளிக் கொடுப்பார். ஷிப்லிக்கு மட்டும் வேறு கோப்பை வைத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

"உம்மா, இண்டைக்கு ஒருநாள் நெய்ச்சோறு ஆக்குவம். அவங்க என்ன நினைப்பாங்க?" என்று மர்ஷூதா கையைப் பிசைந்தாள்.

"நினைக்கட்டும்."

"மானம் போகும் உம்மா."

"எண்ட மானம்தானே? போகட்டும். அவர்ட கால் போகப்போடா."

சிவப்பரிசியே உலையில் ஏறியது. பாரை மீன் இரண்டு பெரிதாக வாங்கி பொரிக்காமல் மிளகு போட்டுச் சுட்டாள். புளியாணம், வல்லாரைச் சம்பல், முருங்கையிலை, கத்தரிக்காய். தன்னால் முடிந்த கைப்பக்குவம் அத்தனையையும் அதில் போட்டாள். சஹனைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். முனாப், ஷிப்லி, மோட்டார் சைக்கிளுக்கு நன்றி சொல்ல வந்த அஸ்கி, மூவரும் இருந்தார்கள். உம்மு கதிரையில் இருந்தபடி எட்டிப் பார்த்தாள். வாய் முன்னே நடந்தது.

"என்ன மதினி, சாய்ந்தமருதுல நெய் முடிஞ்சிட்டா?"

"மாரிக்கு எனக்குப் பத்தியம் மதினி. ஊட்டுக்கு ஒரு பானைதான்."

"ஒங்களுக்குப் பத்தியம் எண்டா எண்ட மகன் ஏன் இலை தின்னணும்? ஊட்டோட தாறம், பவுணோட தாறம் எண்டு சொல்லித்தானே கேட்டு வந்தீங்க? சோத்துக்கு இப்படியெண்டு சொல்லல்லியே. எங்கட பிள்ளை என்ன வருத்தக்காரனா?"

ஒரு சொல் போதும். ஓம் மதினி, வருத்தம்தான், அதுக்குத்தான் இது என்று சொன்னால் பேச்சு அந்த இடத்திலேயே நின்றிருக்கும். இத்தனை வருடம் கட்டிக் காத்த பேர் அப்படியே நின்றிருக்கும். மர்ஷூதா தாயின் முகத்தைப் பார்த்தாள். ஜெனூபா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, புளியாணக் கிண்ணத்தை ஷிப்லியின் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான்.

ஷிப்லியின் கை சஹனில் நின்றது. மாமியைப் பார்த்தான். அந்தச் சோற்றைப் பார்த்தான். மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய அஸ்கியைப் பார்த்தான். காலில் இருக்கிற சப்பாத்துத் தழும்பைப் பார்த்தான். நாலு கிழமையாக ஒவ்வொரு நாளும் தனக்கு முன்னே நடந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கண்டான்.

"உம்மா, மாமியப் பேசாதீங்க," என்றான். "எனக்குச் சீனி. ஆவணியில இருந்து. நான்தான் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

  முனாப் சஹனையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"என்ன குளிசை தந்தாங்க? வெள்ளையா?"

"ஓம் வாப்பா. வட்டம்."

"காலையில ஒண்டு, ராவைக்கு ஒண்டு?"

"ஓம்."

"ஒங்களுக்கென்ன தெரியும் அதப் பத்தி?" என்று உம்மு திரும்பினாள்.

முனாப் மீன் துண்டில் முள் எடுத்தார். மிகக் கவனமாக எடுத்தார்.

"ரெண்டு வருசமா எனக்கும் அதுதான்."

"எங்க வெச்சிக் குடிக்கீங்க? நான் காணல்லியே!"

"வயல் வாடியில. அரிக்கன் லாம்புப் பெட்டிக்குள்ள."

உம்மு எழும்பியேவிட்டாள். "நான் ரெண்டு வருசமாத் தயிருக்குப் பாணி ஊத்தி ஊத்தித் தந்தனே! வேணாம் எண்டு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா? வாப்பாவும் மகனும் சேந்து என்னக் கொலைகாரி ஆக்கப் பாத்திருக்கீங்க!" கண்ணீரும் ஏச்சுமாகப் பொரிந்தாள். அஸ்கி தலையைக் குனிந்து சோற்றுக்குள் சிரித்தான். ஏசி முடிந்து மூச்சு வாங்கியபோதுதான் அவளுக்கு மற்ற விசயம் எட்டியது. ஜெனூபாவிடம் வந்து நின்றாள்.

"மதினி, நீங்க இத அறிஞ்சிதான் இரிந்தீங்களா?"

"நான் எத அறிஞ்சன்? எனக்குத்தான் பத்தியம். வேணுமெண்டா ஆலையடிவேம்புல கேட்டுப் பாருங்க," என்றாள் ஜெனூபா.

உம்மு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை நெடுநேரம் விடவில்லை.

ஷிப்லி எழும்பிப் போய், உறையை எடுத்து வந்தான். மர்ஷூதா தண்ணீர் கொண்டுவந்தாள். எடுக்கப் போனவனை ஜெனூபா தடுத்தாள்.

"பழசு வேணாம் மகன். அது கிணத்தடி வெயிலும் ஈரமும் பட்டுப் போயிரிக்கும். கிளினிக்குக்குப் போய்ப் புதுசா எடுத்துக் குடிப்பம்."

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே பிடிபட்டது அவளுக்குத் தெரிந்தது. உறை கிணற்றடிக்குப் போனதை அவள் எப்படி அறிவாள்? ஒருவரும் கேட்கவில்லை. ஷிப்லி தலையைக் குனிந்து, "சரி மாமி," என்றான்.

சம்மந்திமார் மறுநாள் போகவில்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக் நாள். அதுவரை தங்கினார்கள். செவ்வாய்க்கிழமை மழைக்குள்ளேயே எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சனமென்றால் அவ்வளவு சனம். மாரியில் வருத்தம் பெருகும் அல்லவா? முனாப்பையும் ஷிப்லியையும் முன்வாங்கில் இருத்தி, பெண்கள் மூவரும் பின்னுக்கு இருந்தார்கள். ஷிப்லியின் முறை வந்தது. குளிசை குடிக்காததை மறைக்காமல் சொன்னான். நர்ஸ் மிஸ்ஸி விரலில் குத்தி இரத்தம் பார்த்து, கொப்பியைப் புரட்டினாள்.

"ஆவணியில இருந்ததுக்கு நல்லாக் குறைஞ்சிருக்கே. குளிசை குடிக்காமலா இவ்வளவு? இன்னும் காணாது, இனி ஒழுங்காகக் குடிக்கணும். அது சரி, ஊட்டுல யாரு சமைக்கிறது?"

ஷிப்லி திரும்பி, அந்தச் சனத்துக்கு நடுவில் கையை நீட்டிக் காட்டினான். எல்லாத் தலையும் பின்வாங்குக்குத் திரும்பியது. மிஸ்ஸியும் எட்டிப் பார்த்தாள். ஜெனூபா முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"கைய எடுங்க மகன், சனம் பாக்குது," என்றாள்.

அவன் கையை எடுக்கவில்லை.